சர்க்கரை இருப்பவருக்கு மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு: ஸ்டென்டா, பைபாஸா?

கேள்வி, 6 ஜூலை 2025

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனோம். எக்கோவில் பம்பிங் (இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன்) 50 சதவீதம் என்றார்கள். நேற்று ஆஞ்சியோ எடுத்ததில் இதயத்தின் மூன்று குழாயிலும் அடைப்பு, அதில் முன்பக்கத்து முக்கியக் குழாயான எல்.ஏ.டி. 90 சதவீதம். நான்கு ஸ்டென்ட் வைத்து நாளைக்கே முடித்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். நெஞ்சைத் திறக்காமல் முடிகிறதே என்று அம்மாவுக்கு நிம்மதி. சொந்தக்காரர் ஒருவர் மட்டும் சுகர் இருந்தால் பைபாஸ்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஸ்டென்ட் இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டது, பைபாஸ் பழைய காலத்து வைத்தியம் என்பதுதான் என் எண்ணம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். காலையில் பதில் சொல்ல வேண்டும்.

பதில், 6 ஜூலை, இரவு

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு இப்போது மாரடைப்பு இருக்கிறதா? ஈ.சி.ஜி. மாறியிருக்கிறதா, ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதித்தால் கூடும் பொருள்) ஏறியிருக்கிறதா, படுத்திருக்கும்போதே வலியோ மூச்சுத் திணறலோ வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நான் எழுதுவதை விட்டுவிட்டு டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். முழு மாரடைப்பில் அடைத்த குழாயை ஸ்டென்ட் வைத்து உடனே திறப்பதுதான் உயிரைக் காக்கும். சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் பேச்சே கிடையாது.

இதெல்லாம் இல்லை, நடந்தால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் நாளைக் காலை கையெழுத்துப் போட எந்த அவசரமும் இல்லை. ஆஞ்சியோ சிடியையும் அறிக்கையையும் வாங்கிக்கொண்டு, இதய அறுவை நிபுணர் ஒருவரிடம் தனியாகக் காட்டுங்கள். நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தவள். வீட்டுக்காரருக்கு பைபாஸ் நடந்தது, அண்ணனுக்கு ஸ்டென்ட். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா மாதிரி சர்க்கரையும், எல்.ஏ.டி. உட்பட மூன்று குழாய் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கு, அறுவையைத் தாங்கும் உடம்பு இருந்தால், பைபாஸ் செய்தவர்கள்தான் கூடுதல் காலம் இருக்கிறார்கள். உங்கள் சொந்தக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

7 ஜூலை

ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்கென்றே நடந்த பெரிய ஆய்வு ஃப்ரீடம். வாலன்டின் ஃபுஸ்டர் தலைமையில் பல நாடுகளில் நடந்தது, முடிவு வந்தது 2012 நவம்பரில். 1,900 பேர். எல்லாருக்கும் சர்க்கரை, எல்லாருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குழாயில் அடைப்பு. பாதிப் பேருக்கு மருந்து பூசிய ஸ்டென்ட், பாதிப் பேருக்கு பைபாஸ், யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். ஐந்து வருஷ முடிவில், இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7. இறப்பை மட்டும் எடுத்தால் 16.3க்கு 10.9. மாரடைப்பு 13.9க்கு 6.0. பக்கவாதம் மட்டும் தலைகீழ்: ஸ்டென்டில் 2.4, பைபாஸில் 5.2.

முதல் இரண்டு வருஷத்தில் இறப்பில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்புறம்தான் வரைபடத்தில் இரண்டு பக்கத்துக் கோடுகளும் பிரிகின்றன. ஸ்டென்ட் வைத்தவர் மூன்றாம் நாள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார், பைபாஸ் ஆனவர் ஐ.சி.யு.வில் முனகிக்கொண்டிருப்பார். அந்த வாரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் எல்லாரும் ஸ்டென்டைத்தான் கேட்பார்கள்.

இது 2012இல் திடீரென்று தெரிந்த விஷயமும் இல்லை. பாரி என்ற ஆய்வில், ஸ்டென்ட் வராத அந்தக் காலத்தில் குழாய்க்குள் பலூனை விரித்து அடைப்பைத் திறக்கும் சிகிச்சை மட்டும் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் ஐந்து வருஷத்தில் 35 சதவீதம் இறந்திருந்தார்கள், பைபாஸ் செய்தவர்களில் 19 சதவீதம். அமெரிக்காவின் தேசிய இதய நிறுவனம் 1995இல் டாக்டர்களுக்குத் தனி எச்சரிக்கையே விட்டது. முப்பது வருஷமாகிவிட்டது. நம் ஊரில் இன்னும் ஆஞ்சியோ அறை வாசலில் குடும்பம் நின்று திகைக்கிறது.

7 ஜூலை, மாலை

ஏன் இப்படி என்று ஒரு ஐயா கேட்டார்.

சர்க்கரை இருப்பவருக்கு அடைப்பு ஒரு புள்ளியில் நிற்பதில்லை. குழாய் நெடுகிலும் கொழுப்புப் படிவு, சுண்ணாம்பு, அதோடு குழாயே மெலிந்து சிறுத்துப் போயிருக்கும். ஸ்டென்ட் வைத்த இடத்தில் உள்தோல் வேகமாக வளர்ந்து திரும்ப அடைப்பதும் இவர்களுக்குத்தான் அதிகம். அதைவிட முக்கியம், இன்றைக்கு 30 சதவீதம் என்று விட்டுவைத்த பக்கத்துப் படிவு நாளை வெடித்து மாரடைப்பைக் கொண்டுவரலாம். நான் டெல்டாக்காரி, எனக்கு இது வாய்க்காலாகத்தான் புரிகிறது. ஸ்டென்ட் என்பது மேடு தட்டிய இடத்தைத் தூர்வாருவது. அதற்கு மேலேயோ கீழேயோ நாளை இன்னொரு இடம் தூர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. பைபாஸில் கடைமடைக்குப் பக்கத்திலேயே வேறு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். மேலே எத்தனை இடம் தூர்ந்தாலும் வயல் காயாது.

அந்த வேறு ஆறு எது என்பதும் முக்கியம். மார்பின் உட்சுவரில் ஓடும் தமனி ஒன்று இருக்கிறது, டாக்டர்கள் லிமா என்பார்கள். அதை எல்.ஏ.டி.யில் சேர்த்தால் பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் திறந்தே இருக்கிறது. ஏனோ இந்தத் தமனியில் கொழுப்பு எளிதில் படிவதில்லை, சர்க்கரை இருந்தாலும்கூட. காலில் இருந்து எடுக்கும் நரம்பு (சிரை என்ற ரத்தக் குழாயைத்தான் அப்படிச் சொல்கிறோம்) அப்படி இல்லை. பத்து வருஷத்தில் ஏறக்குறைய பாதி அடைத்துவிடும். அதனால் அறுவை நிபுணரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எல்.ஏ.டி.க்கு லிமா வைப்பீர்களா என்பதுதான்.

10 ஜூலை

பக்கவாதத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே என்று சேலத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மூன்று நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அம்மா பக்கவாதத்தில் ஆறு வருஷம் படுக்கையில் இருந்திருக்கிறார். செத்தால் போய்ச் சேர்ந்தோம், கை கால் விழுந்து கிடப்பதுதான் கொடுமை என்கிறார். இதற்கு எண்ணை வைத்துப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இறப்பையும் பக்கவாதத்தையும் ஒரே தட்டில் போட்டு எடை பார்ப்பது ஆய்வுக்காரர்களின் வழி. குடும்பத்தில் அப்படிப் பார்ப்பதில்லை.

ஆனால் ஆபத்தைக் குறைக்க வழி இருக்கிறது. அறுவைக்கு முன்னால் கழுத்து ரத்தக் குழாயை டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் கேளுங்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயான மகாதமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தால், அதில் கவ்வி போடும்போது துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போகும் என்பதுதான் பயம். இதயத்தை நிறுத்தாமல் துடிக்கவிட்டபடியே செய்கிற பைபாஸ் நம் நாட்டில் நிறைய நடக்கிறது. மகாதமனி மோசமாக இருப்பவர்களுக்கு அதைத் தொடாமலே முடிக்கவும் பார்ப்பார்கள். அப்பாவுக்கு இதற்கு முன் பக்கவாதம் வந்திருந்தால், லேசாக வந்து போயிருந்தாலும், மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது கணக்கே மாறலாம்.

11 ஜூலை

ஃப்ரீடத்தில் வைத்தது பழைய தலைமுறை ஸ்டென்ட், அதை வைத்து இன்றைக்குப் பேசுவது நியாயமா என்று ஒரு நண்பர் கேட்கிறார். மருந்துக் கம்பெனியில் இருப்பவர் போல, விவரமாகவே எழுதியிருக்கிறார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

புது ஸ்டென்ட் நல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. உபேந்திர கௌல் தலைமையில் 1,830 சர்க்கரை நோயாளிகளை வைத்து டக்ஸிடோ இந்தியா ஆய்வு நடந்தது, 2015இல் வெளிவந்தது. பழைய பாக்லிடாக்ஸெல் ஸ்டென்டைவிட எவரோலிமஸ் ஸ்டென்ட் தெளிவாக மேல் என்று அது காட்டியது. ஆனால் அது ஸ்டென்டுக்கும் ஸ்டென்டுக்கும் நடந்த போட்டி. பைபாஸ் அதில் இல்லை.

பைபாஸோடு மோதியது ஃபேம் 3. மூன்று குழாய் அடைப்புள்ள 1,500 பேர், புது ஸ்டென்ட், அதுவும் குழாய்க்குள் அழுத்தக் கம்பி விட்டு எந்த அடைப்பு உண்மையில் ரத்தத்தைத் தடுக்கிறது என்று அளந்து வைத்தது. ஒரு வருஷத்தில் பைபாஸ்தான் முந்தியது. இந்த 2025இல் ஐந்து வருஷக் கணக்கு வந்திருக்கிறது. இறப்பு, பக்கவாதம், மாரடைப்பு மூன்றும் சேர்த்து ஸ்டென்டில் 16 சதவீதம், பைபாஸில் 14, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. மாரடைப்பும் மறுபடி சிகிச்சைக்குப் போவதும் மட்டும் ஸ்டென்டில் அதிகம். ஆக, நண்பர் சொல்வதில் பாதி சரி. இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஆனால் ஃபேம் 3இல் சர்க்கரை இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை அப்படியே தூக்கி, பதினெட்டு வருஷச் சர்க்கரைக்காரருக்குப் பொருத்த நான் தயாராக இல்லை. அதோடு, கம்பி விட்டு அளந்துதான் வைக்கிறேன் என்று உங்களிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்?

14 ஜூலை

தம்பி திரும்ப எழுதியது மகிழ்ச்சி. கையெழுத்துப் போடவில்லை, சிடி கையில் இருக்கிறது, அறுவை நிபுணரைப் பார்க்க நாள் வாங்கியாயிற்று. நல்லது. போகும்போது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1.சி., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், நுரையீரல் ஊதல் பரிசோதனை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். கிரியாட்டினின் 1.4 என்று எழுதியிருந்தீர்கள். நான்கு ஸ்டென்டை ஒரே மூச்சில் வைத்தால் குழாய் படத்தில் தெரிவதற்காக உள்ளே விடும் சாயமும் அதிகம், சிறுநீரகம் தாங்குமா என்பதையும் இதய டாக்டரிடமே கேளுங்கள்.

14 ஜூலை, இன்னொன்று

மாத்திரையிலேயே காலத்தை ஓட்ட முடியாதா என்ற கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. கேலியாகக் கேட்டவர்களும் உண்டு. கேலிக்கு உரிய கேள்வி இல்லை.

பாரி 2டி என்ற ஆய்வு 2009இல் வந்தது. 2,368 சர்க்கரை நோயாளிகள், இதய நோய் அவசரமாக மோசமாகாமல் நிலையாக இருந்தவர்கள். நல்ல மாத்திரை மட்டும் கொடுத்தவர்களில் ஐந்து வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் 87.8 சதவீதம், மாத்திரையோடு உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களில் 88.3. ஏறக்குறைய சமம். பைபாஸ் செய்தவர்களைத் தனியாகப் பார்த்தபோதுதான் மாரடைப்பு உள்ளிட்ட பெரிய சிக்கல்கள் 30.5இலிருந்து 22.4க்குக் குறைந்தன. ஸ்டென்டுக்கு அப்படி ஒரு லாபம் தெரியவில்லை. அப்புறம் இஸ்கீமியா ஆய்வு, 5,179 பேர், அதில் பத்தில் நான்கு பேருக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். அதிலும் அவசரமில்லாத நோயாளிக்கு உடனே ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுத்ததால் இறப்பு குறையவில்லை. இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்களையும், பம்பிங் 35க்குக் கீழே போனவர்களையும் அதில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

எனவே ஆறாம் தேதி நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்டென்டா பைபாஸா என்பதற்கு முன், இப்போதே ஏதாவது செய்தாக வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு குழாயில் மட்டும் 70 சதவீதம், வலி மாத்திரைக்கு அடங்குகிறது என்றால் பொறுத்துப் பார்ப்பது குற்றமில்லை. உங்கள் அப்பாவுக்கு மூன்று குழாய், எல்.ஏ.டி. 90, மூச்சு வாங்கல். அவருக்கு மாத்திரை மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

17 ஜூலை

என் அண்ணன் கதையைக் கேட்டார்கள். எழுதத் தயங்கினேன், இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணனுக்கும் சர்க்கரை, அவருக்கும் மூன்று குழாய். ஆஞ்சியோவுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். அரை மணி நேரத்தில் ஒருவர் வெளியே வந்து, அண்ணியையும் அவர் மகளையும் கூப்பிட்டு, திரையில் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். இங்கே அடைப்பு, இங்கே அடைப்பு, இப்போதே வைத்துவிடலாம், மறுபடி ஒருமுறை குத்த வேண்டாம், பணம் எவ்வளவு கட்டுகிறீர்கள். அண்ணன் உள்ளே மேஜையில் கம்பியோடு படுத்திருக்கிறார். அந்த நிலையில் எந்த மனைவி முடியாது என்பாள்? பைபாஸ் என்ற சொல்லே அங்கே எழவில்லை. எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன், சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. வைத்த ஸ்டென்ட் நல்ல ஸ்டென்ட்தான், வைத்த கையும் நல்ல கைதான். ஆனால் ஒன்றரை வருஷத்தில் வேறு இடத்தில் அடைப்பு, மறுபடி ஸ்டென்ட். அதற்கப்புறம் ஒரு மாரடைப்பு. இப்போது பம்பிங் 35. பைபாஸ் செய்திருந்தால் இது நடந்திருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு ஆறாதது அதுதான்.

அதனால்தான் சொல்கிறேன். அவசரமில்லாத சர்க்கரை நோயாளி என்றால், ஆஞ்சியோவுக்குப் போகும் முன்பே சொல்லி வையுங்கள்: இன்றைக்குப் படம் மட்டும், அடைப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் இறக்கிவிடுங்கள், பேசிவிட்டு வருகிறோம் என்று. ஒப்புதல் படிவத்தில் ஆஞ்சியோவோடு ஆஞ்சியோபிளாஸ்டிக்கும், அதாவது பலூன், ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறப்பதற்கும், சேர்த்துக் கையெழுத்து வாங்குவார்கள், அந்த வரியைப் படியுங்கள். இதய டாக்டரும் அறுவை நிபுணரும் சேர்ந்து படத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் முறை. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டு நெறிகள் இரண்டும் அதைத்தான் சொல்கின்றன. மணிக்கட்டில் இரண்டாவது முறை குத்துவது ஒரு பெரிய விஷயமே இல்லை.

18 ஜூலை

பைபாஸ் என்றால் என்னென்ன நடக்கும், மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்கள். வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஐ.சி.யு.வில் சர்க்கரை 260க்குப் போனது. இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி, மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்து 180க்குக் கீழே இறக்கினார்கள். இதில் அக்கறை காட்டும் இடமா என்று விசாரியுங்கள். மார்பு எலும்பில் சீழ் பிடிப்பதுதான் சர்க்கரைக்காரருக்கு பைபாஸில் பெரிய பயம், அதைத் தடுப்பதில் பாதி இந்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு. எச்.பி.ஏ1.சி. 10, 11 என்று இருந்தால், நாள் தாங்கும் என்றால், சில வாரம் தள்ளிப்போட்டு இறக்கிவிட்டுச் செய்வதையும் பார்த்திருக்கிறேன்.

வார்டுக்கு வந்ததும் மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுத்தார்கள். பந்து ஊது, பந்து ஊது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் ஊதக் கூடாது, குழாயை வாயில் கவ்வி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இவர் முதல் நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருந்தார், பந்து அசையவில்லை. பிசியோதெரபிப் பெண் வந்து திருப்பிச் சொல்லிக்கொடுத்ததும் முதல் பந்து எழும்பியது. அப்புறம் வார்டில் யாருடைய மூன்றாவது பந்து மேலே போகிறது என்று ஒரே போட்டி. எல்லாரும் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள், தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. அந்தத் தலையணை இருமும்போது எலும்பு விலகாமல் அணைத்துக்கொள்வதற்கு.

மார்புக் காயம் சீக்கிரம் ஆறியது. கால்தான் படுத்தியது. நரம்பு எடுத்த காலில் கணுக்காலுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தையல் பிரிந்து நீர் கசிந்தது, கட்டு மாற்றி மாற்றி ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மனசு. கல் மாதிரி இருந்த மனுஷன், ஒரு மாதம் வரைக்கும் தொலைக்காட்சியில் யாராவது அழுதால் இவரும் அழுதார். தானாகச் சரியானது. சரியாகாவிட்டால் அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும், கூச்சப்படக் கூடாது.

19 ஜூலை

மருந்தகக்காரியாக ஒன்று. அப்பா சாப்பிடும் மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை ஏதாவது இருக்கிறதா பாருங்கள், மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் இருக்கும். இதயத்துக்கு அருமையான மருந்து. எம்பா ரெக் ஆய்வில் எம்பாகிளிஃப்ளோசின் இதய, ரத்தக் குழாய் நோயால் வரும் இறப்பை 38 சதவீதம் குறைத்தது. ஆனால் அறுவைக்கு மூன்று நாள் முன்னதாக நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் பட்டினியில் ரத்தம் அமிலமாகிவிடலாம், அதுவும் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டிக்கொண்டே. பலருக்கு இது தெரியாமல் தப்புகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் குளோபிடோக்ரல் பொதுவாக ஐந்து நாள் முன்னால் நிறுத்துவார்கள், ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டியலை எழுதி அறுவை நிபுணர், மயக்க மருந்து டாக்டர் இருவர் கையிலும் கொடுங்கள். நாட்டு மருந்து, சூரணம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

22 ஜூலை

பேச்சு பணத்துக்குப் போய்விட்டது, போகட்டும். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது, அடுத்த வருஷம் 27,890 ஆனது. ஸ்டென்ட் விலைதான் குறைந்தது, அறை, ஆய்வுக்கூடம், பலூன், கம்பி எல்லாம் தனிக் கணக்கு. நான்கு ஸ்டென்ட் என்றால் பைபாஸ் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், இரண்டாவது தடவை போனால் தாண்டியும் விடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இரண்டுக்குமே விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பைபாஸ் நடக்கிறது, அங்கே வரிசை கொஞ்சம் நீளம்.

பைபாஸ் பழைய காலத்து வைத்தியம் என்று தம்பி எழுதியதற்கும் இங்கேயே ஒரு தகவல். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975இல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்தது. முதல் ஆஞ்சியோபிளாஸ்டியும் சென்னையில்தான், 1986இல், மாத்யூ சாமுவேல் களரிக்கல். இரண்டுக்கும் பதினோரு வருஷம்தான் இடைவெளி. இருவரும் இந்த 2025லேயே அடுத்தடுத்துக் காலமானார்கள். ஒருவர் வழி பழசு, ஒருவர் வழி புதுசு என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

26 ஜூலை

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு 79, சர்க்கரை, கிரியாட்டினின் 2.3, முன்பே ஒருமுறை பக்கவாதம், நடப்பதே கைத்தடியோடு. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு பைபாஸுக்குத் துணியவா என்கிறார்.

வேண்டாம் ஐயா, இதைப் படித்துவிட்டுத் துணியாதீர்கள். ஃப்ரீடத்தில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. உங்கள் அம்மா மாதிரி ஒருவர் அந்த ஆய்வுக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். பைபாஸின் லாபம் வருஷக்கணக்கில் மெதுவாகச் சேர்வது, ஆபத்து முதல் மாதத்திலேயே வருவது. 61 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு சாதகம், 79 வயதில் தளர்ந்த உடம்புக்குப் பாதகமாகிவிடலாம். வலிக்குக் காரணமான ஒரு குழாயில் மட்டும் ஸ்டென்ட், மீதிக்கு மாத்திரை என்று உங்கள் டாக்டர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டீர்களா?

2 ஆகஸ்ட்

நெஞ்சுவலியே இல்லாமல் எப்படி மூன்று குழாயும் அடைக்கும் என்று கேட்டவருக்கு: நீண்ட நாள் சர்க்கரை காலின் உணர்வு நரம்பை மரக்கச் செய்வது போலவே இதயத்தின் வலி நரம்புகளையும் மரக்கச் செய்யும். மூச்சு வாங்கல், காரணமில்லாத களைப்பு, திடீர் வியர்வை, சாப்பிட்டதும் மேல் வயிற்றில் ஒரு அழுத்தம், இவைதான் வரும். பெண்களுக்கு இன்னும் அதிகம். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு ஈ.சி.ஜி.க்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

9 ஆகஸ்ட்

தம்பியின் செய்தி பார்த்தேன். இதய டாக்டரும் அறுவை நிபுணரும் சேர்ந்து பார்த்து பைபாஸ் என்று முடிவு, லிமா எல்.ஏ.டி.க்கு, காலிலிருந்து இரண்டு. எச்.பி.ஏ1.சி. 9.2, அதனால் மூன்று வாரம் இன்சுலின் போட்டு இறக்கிவிட்டு நாள் குறிப்பார்கள். அந்த மூன்று வாரத்தில் மூச்சு வாங்கல் கூடினாலோ, மூச்சு வாங்கலோ வலியோ ஓய்வில் வந்தாலோ நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். அம்மாவிடம் யாராவது உட்கார்ந்து பொறுமையாகப் பேசுங்கள். அவர் பயம் தேவையில்லாத பயம் என்று சொல்லாதீர்கள்.

16 செப்டம்பர்

வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதைப் படித்து வீட்டுக்காரரிடமும் சொன்னேன். பந்து இழுக்கிறாரா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டவற்றுக்குப் பதில். நரம்பு எடுத்த கால் வீங்குவது சகஜம், உட்காரும்போது முக்காலி மேல் தூக்கி வையுங்கள், டாக்டர் சொன்ன இறுக்கக் காலுறையைக் காலையில் படுக்கையிலேயே மாட்டுங்கள். சிவந்து சூடாக இருந்தால், நீர் நிறம் மாறினால், காய்ச்சல் வந்தால், திரும்பிப் படுக்கும்போது மார்பு எலும்பு நடுவில் டக் என்று ஒலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். வண்டி ஓட்டுவது, தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் எலும்பு கூடும் வரை, இரண்டு மூன்று மாதம், கிடையாது. நடை மட்டும் தினமும் கொஞ்சம் கூட்டலாம்.

மாத்திரை பற்றி அப்பா சொன்னது: அடைப்பைத்தான் சரி செய்துவிட்டார்களே, கொழுப்பு மாத்திரை இனி எதற்கு. மருந்தகச் சன்னலில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருக்கிறது. இதயத்தில் வைத்த கால் நரம்பு சீக்கிரம் அடைக்காமல் இருக்க உதவுவதே ஆஸ்பிரினும் ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும்தான். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 55க்குக் கீழே வர வேண்டும் என்பது இப்போதைய ஐரோப்பிய இலக்கு. ஸ்டாட்டின் மட்டும் போதாவிட்டால் எஸடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையையும் சேர்ப்பார்கள். ஆறு வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அறுவைக்காக நிறுத்திய டாபாகிளிஃப்ளோசினைத் திரும்ப எப்போது தொடங்குவது என்று சீட்டில் எழுதியிருக்கிறதா? எழுதியிராவிட்டால் அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள். நிறுத்தியவர் ஒருவர், தொடங்க வேண்டியவர் இன்னொருவர் என்பதால் இந்த மாத்திரை அப்படியே விட்டுப்போய்விடுகிறது.